பருந்தக்கா பேசாமல் போன காலம்

துறைமுகத்து யார்டில் வேலை பார்ப்பவர்களுக்குக் காலையில் காதில் விழுகிற முதல் குரல் பருந்தக்காவுடையதாகத்தான் இருக்கும். பெரிய கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலிலிருந்து கன்டெய்னர்களைத் தூக்கிக் கீழே நிற்கிற லாரிகளின் முதுகில் இறக்கி வைப்பது அவர் வேலை. அவ்வளவு உயரத்திலிருந்தும் யார் தலையில் ஹெல்மெட் இல்லை, யார் ஓரமாக நின்று போனை நோண்டுகிறார்கள் என்பது அவர் கண்ணுக்குத் தப்பாது. அதனால் வந்த பட்டப்பெயர் அது. "அந்த நீலச் சட்டை, உன் ஹெல்மெட்ட வீட்ல யாரு போட்டுக்கிட்டு இருக்கா?" என்று வாக்கி-டாக்கியில் கேட்பார். நீலச் சட்டைக்காரர் ஓடுவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பிலேயே பாதி வேலை ஓடிவிடும்.

அந்தக் குரல் நின்றுபோனது.

ஒரே நாளில் நின்றதா, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்ததா என்று மேனேஜருக்குத் தெரியவில்லை. அதுவே அவரை உறுத்தியது. யார்டு முழுக்க அவர் பொறுப்பு. எந்தக் கப்பல் எப்போது வரும், எந்தப் பெட்டி எந்த மூலைக்குப் போகும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். தன் கிரேன் ஆபரேட்டர் எப்போதிலிருந்து சிரிக்கவில்லை என்று கேட்டால் மட்டும் பேந்தப் பேந்த விழிக்க வேண்டியதுதான். இப்போதெல்லாம் வாக்கி-டாக்கியில் "தூக்குறேன்", "இறக்குறேன்", "சரி" தவிர வேறு வார்த்தை வருவதில்லை. வேலையில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பெட்டியை இறக்குவதற்கு முன்னால் ஒரு தயக்கம் வந்திருந்தது. தன் கையையே தான் நம்பாதவர் போலக் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் இறக்கினார்.

ஒருநாள் பருந்தக்கா அவர் அறைக்கு வந்தார். நுழைவாயிலில் வண்டிகளைச் சரிபார்த்து உள்ளே விடுகிற வேலைக்குத் தன்னை மாற்றிவிடுமாறு கேட்டார். மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கேட் வேலைக்கா? அங்க என்னங்க இருக்கு? நாள் பூரா அந்தக் கம்பத்தத் தூக்கணும், இறக்கணும்."

"இங்கயும் அதத்தான சார் பண்றேன்."

"ஏதாவது பிரச்சனையா?"

"ஒண்ணும் இல்ல சார்."

"வீட்ல ஏதாவது?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க சார்."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணுமே சொல்லல சார்."

கடைசிப் பதிலில் ஒரு அழுத்தம் இருந்தது. மேனேஜர் அதைக் கவனிக்கவில்லை. டீ வரவழைத்தார். அது ஆடை கட்டிக்கொண்டு ஆறிப்போனதுதான் மிச்சம். "கொஞ்சம் டைம் குடுங்க, பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பி வைத்தார்.

அவருக்குச் சில மாதங்களுக்கு முன் நடந்த விபத்து நினைவுக்கு வராமல் இல்லை. காற்று பலமாக அடித்த ஒரு நாளில், பருந்தக்கா தூக்கிய கன்டெய்னர் ஆடிப்போய் ஒரு லாரியின் முன்பக்கத்தில் இறங்கி, டிரைவர் உட்காருகிற இடத்தை அப்பளமாக நொறுக்கிவிட்டது. நல்லவேளை, டிரைவர் தண்ணீர் குடிக்க இறங்கிப் போயிருந்தார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மேனேஜர் அப்போது நடந்துகொண்ட விதம் பற்றி அவருக்கே ஒரு பெருமை உண்டு. அந்த அம்மாவை உட்கார வைத்துக் குடைந்து குடைந்து விசாரிக்கவில்லை. ஏற்கெனவே நொந்து போயிருப்பவரை ஏன் நோகடிக்க வேண்டும்? 'காற்றில் சுமை கட்டுப்பாடு இழந்தது' என்று ஒற்றை வரியில் அறிக்கையை முடித்தார். ஊழியர்களை எல்லாம் கூப்பிட்டு, "இதப் பத்தி யாரும் அவங்ககிட்ட வாயத் திறக்கக் கூடாது. நடந்தது நடந்துபோச்சு. மறந்துருங்க" என்று சொன்னார். எல்லோரும் அவர் பேச்சைத் தட்டாமல் கேட்டார்கள். ஆகவே, காரணம் அதுவாக இருக்க முடியாது என்று அவர் நினைத்தார்.

பிறகு அவர் செய்தது, தலைமை அலுவலகம் சொல்லிக்கொடுத்த வைத்தியம். 'மகிழ்ச்சி நாள்' கொண்டாடினார்கள். கிடங்கு முழுக்கப் பலூன் கட்டினார்கள். சிரிப்புப் பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார். கையை மேலே தூக்கி, நாக்கை நீட்டி, "ஹா ஹா" என்று சொல்லச் சொன்னார். பெட்டிகளுக்குக் கொக்கி மாட்டுகிற, கழற்றுகிற வேலை பார்ப்பவர் ஒருவர் இருந்தார். ஆள் மலை மாதிரி. கண்ணில் படுகிறவர்களை எல்லாம் "மாப்ளே" என்று கூப்பிடுவதால் யார்டுக்கே அவர் மாமா. அவர் நாக்கை நீட்டியபடி பக்கத்தில் நின்றவரிடம், "எதுக்குடா மாப்ளே இது, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். பருந்தக்காவின் கையில் யாரோ ஒரு பலூனைக் கொடுத்திருந்தார்கள். முன்பின் தெரியாதவர்களின் கைக்குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டு நிற்பவர் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிகழ்ச்சி முடிந்ததும் அதைப் பத்திரமாக ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

அன்றைக்கு வீட்டில் மேனேஜருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். கணவர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "அவங்கள எங்க வச்சுப் பேசுனீங்க?" என்றார்.

"என் ரூம்லதான்."

"எங்க ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க வெளிய பெஞ்சுல இருக்கிற வரைக்கும் பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட வலியப் பத்தி மணிக்கணக்கா பேசுவாங்க. உள்ள நாற்காலில உக்காந்து டாக்டர் முகத்தப் பாத்ததும், 'பரவால்லங்க, இப்ப வலிக்கல'ன்னுடுவாங்க. உங்க ரூமும் அந்த நாற்காலி மாதிரிதாங்க. அங்க உக்காந்தா யாருக்கும் வாய் வராது."

"அப்ப எங்க வச்சுக் கேக்கிறது?"

"அவங்க எங்க தைரியமா இருப்பாங்களோ, அங்க போங்க."

பருந்தக்கா எங்கே தைரியமாக இருப்பார் என்பது மேனேஜருக்குத் தெரியும். பிரச்சனை என்னவென்றால், அவருக்கு உயரம் என்றால் ஆகாது. மாடிப் பால்கனியில் துணி காயப் போடச் சொன்னாலே சுவரை ஒட்டி நிற்கிறவர் அவர். இத்தனை வருடத்தில் அந்தக் கிரேன் கூண்டுக்கு அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. போகாமல் இருக்க ஒவ்வொரு தடவையும் நல்ல நல்ல காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன.

மறுநாள் காலை, காரணம் எதுவும் கிடைப்பதற்கு முன்னால் கிளம்பிவிட்டார். கிரேனின் அடியில் லிப்ட் இருந்தது. அதன் கதவில் 'பழுது' என்று ஓர் அட்டை தொங்கியது. வெயிலில் அதன் எழுத்து வெளுத்து, அட்டையும் பழுதாகியிருந்தது. அப்படியானால் இந்த அம்மா தினமும் படியேறித்தான் போகிறார். மேனேஜர் இரும்புப் படியில் காலை வைத்தார். கம்பி வலை போட்ட படிகள். குனிந்தால் அடுத்த படி தெரியாது, தரை தெரியும். கொஞ்ச தூரம் போனதும் தரை போய்க் கடல் தெரிந்தது. கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை.

அப்போது இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கி பேசியது.

"படியில நிக்கிறது மேனேஜர் சாரா?"

"ஆமாங்க."

"கீழ பாக்காதீங்க. கைப்பிடிய மட்டும் பாருங்க. ஒரு கைய எடுத்து மேல வைங்க. ஆங். இப்ப அடுத்த கை. அவசரமே இல்ல. நானும் முதல் வாரம் அங்கதான் நின்னேன், அதே படியில."

யார்டு முழுக்க வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தது. மேனேஜரைப் பார்ப்பதற்காக மட்டும் அல்ல. பருந்தக்கா இவ்வளவு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி எவ்வளவோ நாளாகியிருந்தது.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் கூண்டுக்குள் நுழைந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உள்ளே ஒரு நாற்காலி, அதன் இரண்டு பக்கமும் கைப்பிடிக் கருவிகள், பின்னால் மடக்கி வைக்கிற சின்ன இருக்கை ஒன்று. தரையில் கண்ணாடி. பருந்தக்கா தன் கால்களுக்கு நடுவில் குனிந்து பார்த்தபடிதான் வேலை செய்ய வேண்டியிருந்தது. நாற்காலியின் முதுகுப்பக்கம் உடைந்து, ஒரு துண்டைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தார். மேனேஜர் பின்னிருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ண மூடிக்கிறதுக்குக் கீழயே இருந்திருக்கலாமே சார்."

அவர் கண்ணைத் திறந்தார். காலடியில் லாரிகள் தீப்பெட்டிகளாக நகர்ந்தன. பருந்தக்கா ஒரு கன்டெய்னரைத் தூக்கி, நகர்த்தி, இறக்கினார். இன்னொன்றையும் அப்படியே செய்தார். மேனேஜர் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு மூச்சு இல்லை என்பதும் உண்மைதான். மூச்சு திரும்பியதும், முன்கூட்டி யோசித்து வைத்திருந்த ஆறுதல் வார்த்தைகளை எல்லாம் விட்டுவிட்டு, "அன்னைக்கு என்ன நடந்துச்சுங்க?" என்றார்.

பருந்தக்காவின் கை ஒரு கணம் நின்றது. தூக்கியிருந்த பெட்டியைப் பத்திரமாக இறக்கி வைத்த பிறகுதான் பேசினார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்வை கீழேயே இருந்தது.

"இத்தன மாசத்துல இதக் கேட்ட முதல் ஆளு நீங்கதான் சார்."

பிறகு சொன்னார். பெட்டியைத் தூக்கிப் பாதி வழி வந்தபோது கடல் பக்கமிருந்து காற்று திடீரென்று அறைந்தது. பெட்டி ஊஞ்சல் மாதிரி ஆட ஆரம்பித்தது. அது ஆடிப் போகிற பக்கத்தில், அடுக்கி வைத்த இரண்டு வரிசைகளுக்கு நடுவில், மாமா குனிந்து கொக்கி கழற்றிக்கொண்டிருந்தார். முதுகு இந்தப் பக்கம். காற்றுச் சத்தத்தில் வாக்கி-டாக்கியில் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. ஆட்டத்தை அடக்க நேரமில்லை. எங்காவது இறக்கியாக வேண்டும். இன்னொரு பக்கம் லாரி நின்றது.

"டிரைவர் குழாயடிக்குப் போனத நான் பாத்தேன் சார். வண்டிக்குள்ள ஆள் இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும். பெட்டிய இந்தப் பக்கம் இழுத்து லாரி மேல விட்டேன். தெரிஞ்சுதான் விட்டேன். கட்டுப்பாடு இழக்கல."

மேனேஜருக்கு உயரம் மறந்துபோனது.

"இத ஏங்க அப்பவே சொல்லல?"

"கேட்டா சொல்லலாம். யாரும் கேக்காதப்ப நானா போய்ச் சொன்னா, தப்பு பண்ணிட்டுச் சமாளிக்கிறாள்னுதான நினைப்பாங்க? நீங்களும் கூப்பிடல. சரி, எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்கன்னு நினைச்சேன். லாரிக்காரர் தினமும், 'தண்ணி குடிக்கப் போனதால உயிரோட இருக்கேன்'னு சொல்லிக்கிட்டுத் திரியுறார். சாப்பாட்டு ரூமுக்கு நான் போனா எல்லாரும் பேச்ச நிறுத்திட்டு மழையப் பத்திப் பேசுறாங்க. வானத்துல ஒரு மேகம் இல்லாத மாசத்துல சார். மாமா என்னப் பாத்தாலே தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போறார். மத்தவங்க எப்படி இருந்தாலும் பரவால்ல. அவரு அப்படிப் போறததான் தாங்க முடியல."

மேனேஜர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"பேசக் கூடாதுன்னு சொன்னது நான்தாங்க. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நினைச்சு, யாரும் வாயத் திறக்காதீங்கன்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன்."

முதல் தடவையாகப் பருந்தக்கா திரும்பிப் பார்த்தார். பிறகு வந்தது சிரிப்பா அழுகையா என்று மேனேஜரால் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன.

"நல்ல காரியம் பண்ணீங்க சார்" என்றார் கண்ணைத் துடைத்தபடி.

"நான் இன்னைக்கே எல்லாரையும் கூப்பிட்டு உண்மையச் சொல்லிடறேன்."

"வேணாம். நீங்க சொன்னா, மேனேஜர் சொல்லிட்டார்னு தலையாட்டிட்டுப் போவாங்க. நீங்க பேசாதீங்கன்னு சொன்னப்பவும் அப்படித்தான ஆட்டினாங்க? அவங்களே வந்து பாக்கட்டும்."

"எங்க?"

"இங்கதான் சார். இந்தச் சீட்ல உக்காந்து கீழ பாத்தா, நான் ஒரு வார்த்த சொல்ல வேண்டியதில்ல."

மேனேஜர் இறங்கி வந்ததும் நேரே பராமரிப்புப் பிரிவுத் தலைவரிடம் போனார். லிப்டுக்கு உதிரிபாகம் வரவேண்டும், எழுதிப் போட்டிருக்கிறோம் என்று அவர் பாட்டுப் பாடினார். "ரொம்ப சரி. அதுவரைக்கும் நம்ம ரெண்டு பேரும் பேச வேண்டியத எல்லாம் கிரேன் மேல வச்சுப் பேசுவோம். நாளைக்குக் காலைல படியேறி வந்துருங்க. நானும் வரேன்" என்றார் மேனேஜர். தலைவர் ஒரே ஒரு தடவை ஏறினார். பாதியில் நின்று, பருந்தக்காவின் குரல் வழி சொல்ல, கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அந்த வாரமே உதிரிபாகம் எங்கிருந்தோ முளைத்து வந்தது. அதோடு கூடவே ஒரு புது நாற்காலியும் வந்தது.

அதற்குப் பிறகு, கீழே வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவராக மேலே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று மேனேஜர் ஏற்பாடு செய்தார். ஏன் என்று சொல்லவில்லை. "நம்மள மேலேருந்து பாத்தா எப்படித் தெரியுதுன்னு தெரிஞ்சுக்கங்க" என்றார், அவ்வளவுதான்.

முதலில் மாமா போனார். லிப்டில் ஏறும்போது, ஏதோ தண்டனைக்குப் போகிறவர் முகம். அங்கே என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. பருந்தக்கா அவரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, அன்றைக்கு அவர் குனிந்திருந்த இடத்தைக் கையால் காட்டினார் என்று மட்டும் மாமா பின்னால் சொன்னார். மாமா திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. நேரே அந்த இரண்டு வரிசைகளுக்கு நடுவில் போய் நின்றார். அண்ணாந்து கூண்டைப் பார்த்தார். லாரி நிற்கிற இடத்தைப் பார்த்தார். வாக்கி-டாக்கியை எடுத்தார்.

"பருந்து, மாமா பேசறேன்."

"சொல்லுங்க மாமா."

யார்டில் ஒருவரும் அசையவில்லை.

"மேலேருந்து பாத்தா என் முதுகு அவ்வளவு அகலமாவா தெரியுது?"

"அகலமா இருந்ததாலதான் மாமா கண்ணுல பட்டுச்சு."

மாமா சிரித்தார். சிரித்துக்கொண்டே கன்டெய்னரில் கையை ஊன்றி, முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். சுற்றி நின்றவர்களுக்கு விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. ஒருவர் இன்னொருவர் காதில் சொல்ல, அவர் அடுத்தவரிடம் சொல்ல, சாப்பாட்டு நேரத்துக்குள் யார்டு முழுக்கப் பரவிவிட்டது.

லாரிக்காரர் கடைசியாகப் போய்விட்டு வந்தார். அவருக்கு இதைச் செரிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த அதிர்ஷ்டக் கதை போயே போய்விட்டது இல்லையா? சாப்பாட்டு அறையில் பருந்தக்காவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் சரிக்கா. சுத்தி எத்தனையோ லாரி நின்னுச்சு. என்னோடதுதானா கிடைச்சுது?"

"உங்களுதுதான் எப்படியும் மாத்த வேண்டிய நிலைமைல இருந்துச்சு தம்பி."

அறை அதிர்ந்தது. லாரிக்காரரும் சேர்ந்து சிரித்தார். புது வண்டி நன்றாக ஓடுகிறது என்பதை அவரால் மறுக்க முடியவில்லை. அன்றைக்கு யாரும் மழையைப் பற்றிப் பேசவில்லை.

நுழைவாயில் வேலைக்கு மாற்றுவதைப் பற்றி மேனேஜர் மறுபடி கேட்டபோது, "எந்த வேல சார்?" என்று பருந்தக்கா கேட்டுவிட்டுத் தன் வழியில் போனார்.

இந்தச் சமயத்தில்தான் ரயில் பெட்டி விஷயம் வந்தது. நகரத்தில் புதிதாக ஓடப்போகிற ரயிலின் முதல் பெட்டி, கப்பலில் வந்துகொண்டிருந்தது. அதை இறக்குகிற வேலை இந்த யார்டுக்கு. கன்டெய்னர் மாதிரி அல்ல அது. நீளம் அதிகம், பக்கவாட்டில் காற்றுப் பிடித்தால் காகிதம் மாதிரி திரும்பும். எங்கேயாவது உரசினால் ஊர் சிரிக்கும். தலைமை அலுவலக அதிகாரி போனில் கூப்பிட்டு, வெளியிலிருந்து ஒரு ஆபரேட்டரை வரவழைப்பதாகச் சொன்னார். மேனேஜர் போனிலேயே பேசி முடிக்கவில்லை. நேரில் கிளம்பிப் போனார்.

"உங்க ஆபரேட்டர் பேர்ல ஒரு விபத்து இருக்கே" என்றார் அதிகாரி.

"அந்த அறிக்கை தப்பு சார். எழுதினது நான். அவங்கள ஒரு வார்த்த கேக்காம எழுதிட்டேன். நடந்தத இப்ப முழுசா எழுதிக் கொண்டுவந்திருக்கேன்."

அதிகாரி படித்தார். புருவம் மேலே போனது. ஆனாலும் விடவில்லை.

"கொஞ்ச நாளா அவங்க மனசு சரியில்லன்னு கேள்விப்பட்டேன். வேலையே வேணாம்னு சொன்னாங்களாமே?"

"சொன்னாங்க. அவங்க மனசு சரியில்லாம போனதுக்கு வேற யாரும் இல்ல, நாங்கதான் காரணம். அதச் சரி பண்ணிட்டோம். ஆனா அதுக்காக இந்த வேலைய அவங்களுக்குக் குடுக்கச் சொல்லல சார். நம்மகிட்ட இருக்கிறதுலயே இதச் செய்யக்கூடியவங்க அவங்கதான். அதுக்காகத்தான் கேக்கிறேன்."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"என்கிட்ட கேளுங்க. அவங்ககிட்ட போகாதீங்க."

அதிகாரி அரை மனதாகச் சம்மதித்தார். தானும் அன்றைக்கு வந்து நிற்பதாகச் சொன்னார்.

மேனேஜர் திரும்பி வந்து லிப்டில் ஏறி, பருந்தக்காவிடம் விஷயத்தைச் சொன்னார். "உங்களுக்கு இஷ்டம் இருந்தா மட்டும்தான். வேணாம்னா வேணாம், நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்றார்.

"செய்றேன் சார். ஆனா வாக்கி-டாக்கில ஒரே குரல்தான் இருக்கணும். மாமா குரல். வேற யாரும் நடுவுல பேசக் கூடாது. அப்புறம், நான் நிறுத்துன்னா நிறுத்தணும். யார் வந்து நின்னாலும் சரி."

"நிறுத்திடுவோம்."

"அந்தப் பெரிய அதிகாரி நின்னாலும்?"

"அவரு நின்னா, அவரையும் சேத்து நிறுத்திடுவோம்."

அந்த நாள் வந்தது. துறைமுக வேலிக்கு வெளியே விடிந்ததிலிருந்தே கூட்டம். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். கப்பலின் மேல்தளத்தில் வெள்ளை வெளேரென்று அந்த ரயில் பெட்டி பளபளத்தது. கயிறுகளை மாட்டிவிட்டு மாமா விலகி நின்றார். எல்லாம் தயார். கூண்டிலிருந்து குரல் வந்தது.

"நிறுத்துறேன். காத்து சரியில்ல."

கீழே நிற்பவர்களுக்குக் காற்றே தெரியவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ விசில் அடித்தார்கள்.

"எங்க இருக்கு காத்து? எடுக்கச் சொல்லுங்க. எத்தன பேர் காத்துக்கிட்டு இருக்காங்க பாருங்க."

மேனேஜர் அதிகாரிக்கும் கிரேனுக்கும் நடுவில் போய் நின்றார்.

"அவங்களுக்கு அங்கேருந்து தெரியறது நமக்கு இங்கேருந்து தெரியாது சார். அவங்க எடுக்கிறேன்னு சொல்ற வரைக்கும் எடுக்க மாட்டோம்."

"நான் சொல்றேன்."

"நீங்க சொன்னாலும்தான் சார்."

அதிகாரியின் முகம் சிவந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள், கடல் பக்கமிருந்து வந்த காற்று எல்லோரையும் அறைந்தது. ஓரத்தில் மூடி வைத்திருந்த தார்ப்பாய் கட்டை அறுத்துக்கொண்டு பறந்து வேலியில் போய் ஒட்டிக்கொண்டது. அதிகாரி தலையிலிருந்த ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

காத்திருந்தார்கள். காற்று முனகி, இழுத்து, அடங்கியது. மாமா வாக்கி-டாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்தே நின்றார்.

"மாமா, எடுக்கலாமா?"

"உன் இஷ்டம் பருந்து. கீழ எல்லாம் சுத்தமா இருக்கு."

"எடுக்கிறேன்."

ரயில் பெட்டி கப்பலை விட்டு எழும்பியது. ஒரு ஆட்டம் இல்லை. வானத்தில் தண்டவாளம் போட்டு வைத்திருப்பது போல நகர்ந்து வந்தது. கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. "கொஞ்சம் வலது", "இன்னும் கொஞ்சம்", "அப்படியே" என்று மாமாவின் குரல் தாலாட்டு மாதிரி தாழ்ந்து ஒலித்தது. நடுவில் ஒரு சின்னக் காற்று வந்தது. பெட்டியின் வால் லேசாக அசைந்தது. பருந்தக்கா அதன் போக்கிலேயே கூடப் போய், ஆட்டத்தைக் கையில் வாங்கி, அடக்கினார். அந்தரத்தில் நிறுத்தி வைத்துத் தயங்கவில்லை. நீளமான டிரெய்லரின் மேல் பெட்டி இறங்கி உட்கார்ந்தபோது சத்தம்கூட வரவில்லை. வந்திருந்தால் கேட்டிருக்கும், அவ்வளவு அமைதி.

"இறக்கிட்டேன்" என்றது குரல். "மாமா, மூச்சு விடுங்க."

அதற்குப் பிறகு யார் கத்தினார்கள், யார் கைதட்டினார்கள் என்று சொல்ல முடியாது. யார்டும் வேலியும் ஒன்றாகிவிட்டன. பராமரிப்புப் பிரிவுத் தலைவர் மேனேஜரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதிகாரி மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு, "நான் சொன்னதக் கேட்டிருந்தீங்கன்னா இந்நேரம் அது தண்ணிக்குள்ள கிடந்திருக்கும்" என்றார் மெதுவாக. பருந்தக்கா இறங்கி வந்ததும் தானே முன்னால் போய்க் கை கொடுத்தார். பருந்தக்கா அவர் கையை விடாமலேயே, கிரேனுக்குக் கீழே பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும், எல்லாக் கூண்டுக்கும் இதே மாதிரி நாற்காலி வேண்டும் என்று கேட்டார். அத்தனை பேர் பார்க்க அதிகாரியால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். யாரும் சொல்லிக்கொடுக்காமல், சரியான நேரம் பார்த்து அடித்திருந்தார் அந்த அம்மா.

டிரெய்லரை ஓட்டப்போகிறவர் அதே லாரிக்காரர்தான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, ஏறுங்க."

"நான் எதுக்கு தம்பி?"

"இத இறக்கினது நீங்க. ரோட்டு வரைக்கும் நீங்களே கொண்டு வந்து விடுங்க."

மாமா பின்னாலிருந்து, "ஏறு பருந்து, எவ்வளவு நேரம் மாப்ளேயக் கதவப் பிடிச்சுக்கிட்டு நிக்க வைப்ப" என்றார். பருந்தக்கா ஏறி உட்கார்ந்தார். மாமா முன்னால் நடந்து வழி விலக்கினார். யார்டு முழுக்க வேலையை அப்படியே போட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் நடந்தது. மேனேஜரும் அவர்களோடு சேர்ந்து நடந்தார்.

வேலியோரக் கூட்டத்தில் பருந்தக்காவின் கணவர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். வண்டி அவர்களைத் தாண்டும்போது அந்தப் பெண்குழந்தை கையை நீட்டி, சுற்றி நிற்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அங்க உக்காந்திருக்கிறது எங்கம்மா" என்றது. பக்கத்தில் நின்றவர்கள் நம்பாமல் பார்க்க, லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். பருந்தக்காவுக்கு முதலில் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிறகு ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, மகளுக்கும் கூட்டத்துக்குமாக ஆட்ட ஆரம்பித்தார். வண்டி சாலையில் ஏறித் திரும்புகிற வரைக்கும் நிறுத்தவில்லை.